’டிஸ், ’ட்வாஸ் என்று ஆங்கில வாக்கியம் தொடங்கினால் எந்த எழுத்தைப் பெரிதாகப் போடுவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதுகிறீர்கள். அதில் வரும் ஒரு பெரியவர் பழைய பாணியில் பேசுகிறார்: இட் இஸ் என்பதை ’டிஸ் என்கிறார், இட் வாஸ் என்பதை ’ட்வாஸ் என்கிறார். அந்தச் சொற்களோடு வாக்கியம் தொடங்கும்போது அப்பாஸ்ட்ரஃபிக்கு, அதாவது எழுத்து விடுபட்டதைக் காட்டும் அந்த ’ குறிக்கு, அடுத்து வரும் டி-யை நீங்கள் கேப்பிட்டலாகப் போட்டிருக்கிறீர்கள். படித்துப் பார்த்த நண்பர் அது தப்பு என்கிறார். வாக்கியத்தின் முதல் எழுத்து உண்மையில் ஐ, அது மறைந்துவிட்டது, அதோடு கேப்பிட்டலும் போய்விட்டது, மிச்சமிருக்கிற டி இரண்டாவது எழுத்துதானே, அதைச் சின்னதாகத்தான் எழுத வேண்டும் என்பது அவர் வாதம். கூடவே டோன்ட், இட்ஸ் மாதிரி சாதாரணச் சுருக்கங்களோடு வாக்கியத்தைத் தொடங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் செய்ததுதான் சரி. வாக்கியத்தின் தொடக்கத்தில் அப்பாஸ்ட்ரஃபி, பெரிய டி, பிறகு சிறிய ஐ, சிறிய எஸ். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நண்பரின் வாதத்தை அப்படியே தள்ளிவிடவும் மனமில்லை, ஏனென்றால் அதற்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: அந்தப் பெரிய எழுத்து யாருக்குச் சொந்தம்? ஒரு குறிப்பிட்ட சொல்லின் குறிப்பிட்ட எழுத்துக்கா, இல்லை வாக்கியத்தின் தொடக்கத்துக்கா? முதலாவது என்றால் நண்பர் சொல்வது நியாயம். ஆங்கிலம் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் பல வருடங்களாக ஆங்கிலப் பிரதிகளைத் திருத்தி, மெய்ப்புப் பார்த்து அச்சுக்கு அனுப்பும் வேலையில் இருக்கிறேன். மொழியியல் ஆராய்ச்சி என் துறை இல்லை. அதனால் இங்கே சொல்வதெல்லாம் அச்சில் எது நிலைத்திருக்கிறது, எது இன்னும் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்ற கோணத்திலிருந்துதான்.

வாக்கியத் தொடக்கத்துக் கேப்பிட்டல் படிப்பவரின் கண்ணுக்கான அடையாளம். முந்தைய வாக்கியம் முடிந்து புதியது ஆரம்பிக்கிறது என்பதை முற்றுப்புள்ளி ஒரு பக்கமிருந்தும் பெரிய எழுத்து மறுபக்கமிருந்தும் சொல்கின்றன. அந்த அடையாளத்தைத் தாங்க ஓர் எழுத்து வேண்டும். அப்பாஸ்ட்ரஃபி எழுத்து இல்லை, அது ஒரு குறி, அதற்குப் பெரிய வடிவம் சிறிய வடிவம் என்று எதுவும் கிடையாது. ஆகவே கண்ணுக்குத் தெரிகிற முதல் எழுத்து எதுவோ அதன்மேல் கேப்பிட்டல் போய் உட்காருகிறது. மேற்கோள் குறியோடு தொடங்கும் வாக்கியத்திலும், அடைப்புக்குறிக்குள் தனியாக நிற்கும் வாக்கியத்திலும் இதே விதிதான் நடக்கிறது, அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஸ்பானிய மொழியில் கேள்வி வாக்கியத்துக்கு முன்னால் தலைகீழான கேள்விக்குறி ஒன்று போடுவார்கள். அங்கேயும் அந்தக் குறியைத் தாண்டி முதலில் வரும் எழுத்துதான் பெரிதாகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவைப் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதை, 1823 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் முதலில் வந்தது, ’ட்வாஸ் என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் எந்த நல்ல பதிப்பை எடுத்தாலும் அதில் டி பெரியதாகத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த மாதிரிக் கவிதைகளில் ஒவ்வொரு வரியின் முதலெழுத்தும் கேப்பிட்டல், அதனால் அது வாக்கியத்துக்கு மட்டுமான சான்று ஆகாது. ஆனால் நண்பரின் வாதத்துக்கு அதுவே போதுமான பதில். தொடக்கம் எதனுடையதாக இருந்தாலும், ஐ போனதற்காக டி-யைச் சின்னதாக விட்டுவிடுவதில்லை.

சரி, வேறு மாதிரி நடக்கும் மொழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. அதனால்தான் நண்பர் சொன்னதை நான் மதிக்கிறேன். டச்சு மொழியில் காலையில் என்று சொல்ல அப்பாஸ்ட்ரஃபியும் ஒரு எஸ்-ஸும் போட்டு, இடம் விட்டு, மோர்கன்ஸ் என்று எழுதுவார்கள். அந்த எஸ் ஒரு பழைய சொல்லின் எச்சம், முன்னால் இருந்ததெல்லாம் தேய்ந்துபோய்விட்டது. இது வாக்கியத்தின் முதலில் வந்தால் எஸ் சின்னதாகவே இருக்கும், அடுத்த சொல்லின் எம் பெரிதாகும். அங்கே ஸ்ஹெர்டோஹென்பாஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. அதன் பெயரே அப்பாஸ்ட்ரஃபி, சிறிய எஸ், ஒரு சிறு கோடு, பிறகு பெரிய எச் என்றுதான் எழுதப்படும், வாக்கியத்தின் முதல் சொல்லாக வந்தாலும் அந்த எஸ் வளராது. தென்னாப்பிரிக்காவில் பேசப்படும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘ஒரு’ என்ற பொருள் தரும் சொல்லே அப்பாஸ்ட்ரஃபியும் என்-னும் மட்டும்தான். வாக்கியம் அதோடு தொடங்கினால் அது எப்போதும் சின்னது, அதற்கடுத்த சொல்தான் கேப்பிட்டலோடு வரும். ஆகவே தேய்ந்த சொல்லின் மிச்சத்துக்குக் கேப்பிட்டல் கிடையாது என்று ஒரு மொழி முடிவு செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள். கவனித்தீர்களா, அங்கேயும் கேப்பிட்டல் காணாமல் போவதில்லை, நகர்ந்து அடுத்த சொல்லுக்குப் போகிறது. வாக்கியத்துக்குத் தொடக்க அடையாளமே இல்லாமல் போகட்டும் என்று டச்சும் விடவில்லை, ஆஃப்ரிகான்ஸும் விடவில்லை. ஆங்கிலத்தில் ஏன் நகரவில்லை என்பதற்கு என் ஊகம் இது, ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்: டச்சில் அந்த எஸ் இடம் விட்டுத் தனியாக நிற்கிறது, ஆங்கிலத்தின் ’டிஸ் ஒரே சொல்லாக ஒட்டிப்போய்விட்டது. ஒரே சொல் ஆகிவிட்டதால் தன் தலையில் கேப்பிட்டலைத் தாங்கிக்கொள்கிறது.

இதே விதிக்குள் வரும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கதையில் எப்படியும் வரும். ’ட்வில், ’ட்வுட், ’ட்வேர் எல்லாம் ’டிஸ் குடும்பம், எல்லாவற்றிலும் டி பெரிது. பிக்காஸ் என்பதைச் சுருக்கி ’காஸ் என்று எழுதினால் சி பெரிது. அபவுட் தேய்ந்து ’பவுட் ஆனால் பி பெரிது. எச்-ஐ விழுங்கிப் பேசும் லண்டன் தொழிலாளி ஒருவரை எழுதுகிறீர்கள், அவர் ஹலோ என்பதை ’எலோ என்கிறார் என்றால் ஈ பெரிது. ஹீ என்பது வெறும் ஈ ஆகிவிட்டாலும், வாக்கியத்தின் முதலில் அந்த ஒற்றை எழுத்து பெரிதாகத்தான் வரும். ஹாரி என்ற பெயரை அவர் ’ஆரி என்று சொன்னால் அது எங்கே வந்தாலும் கேப்பிட்டல்தான், ஏனென்றால் அது பெயர். வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் ஏ பெரிதாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இட்ஸ் ஆல் ரைட் என்பதை வாய்க்குள்ளேயே சொல்லி எஸ் மட்டும் மிஞ்சுகிற மாதிரி எழுதுகிறவர்கள் உண்டு. அப்பாஸ்ட்ரஃபி, எஸ், இடம், ஆல் ரைட். அங்கே அந்த எஸ் பெரிதாக வருவதுதான் ஆங்கில வழக்கத்தோடு ஒத்துப்போகும். ஆனால் கண்ணுக்கு அது அவ்வளவு அழகாக இருப்பதில்லை என்பதால் நான் ஆசிரியரிடம் அந்த வாக்கியத்தையே மாற்றித் தரச் சொல்வதுண்டு.

அன்டில் என்பதன் சுருக்கம் என்று நினைத்து அப்பாஸ்ட்ரஃபி, டி, ஐ, ஒரே ஒரு எல் என்று எழுதுகிறார்கள். அது தேவையில்லாத குழப்பம். இரண்டு எல் போட்டு எழுதும் டில் என்ற சொல் அன்டிலை விடப் பழையது, எதிலிருந்தும் சுருங்கி வந்ததல்ல. அதை எழுதினால் அப்பாஸ்ட்ரஃபியே வேண்டாம், முதலெழுத்து கேப்பிட்டலாவதிலும் கேள்வியே எழாது.

டோன்ட், கான்ட், இட்ஸ், தேர்ஸ், லெட்ஸ் மாதிரி அப்பாஸ்ட்ரஃபி நடுவில் வரும் சொற்களில் பிரச்சினை குறைவு. முதலெழுத்து மட்டும் பெரிது, அப்பாஸ்ட்ரஃபிக்குப் பின்னால் வருவது சின்னது, அவ்வளவுதான். டோன்ட் என்பதில் கடைசி டி-யைப் பெரிதாகப் போட்டால் தப்பு, தலைப்பாக இருந்தாலும் தப்பு. முழுச் சொல்லையும் பெரிய எழுத்தில் எழுதும் எச்சரிக்கைப் பலகை மாதிரி இடங்களில் மட்டும் எல்லா எழுத்தும் பெரிதாகும், அங்கே கடைசி டி மட்டும் சின்னதாக நின்றால் அதுவும் தப்பு. ஐ என்ற தன்மைச் சொல் வாக்கியத்தின் எந்த இடத்திலும் கேப்பிட்டல் என்பதால் ஐம், ஐவ், ஐல், ஐட் ஆகியவையும் எங்கே வந்தாலும் ஐ பெரிதாகவே வரும். ஓ’பிரையன் மாதிரி ஐரிஷ் குடும்பப் பெயர்களில் அப்பாஸ்ட்ரஃபிக்குப் பின்னால் பெரிய எழுத்து வருவதைப் பார்த்துவிட்டுச் சிலர் அதை மற்றச் சொற்களுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். அங்கே பின்னால் வருவது ஒரு பெயர், அதனால்தான் பெரிது. சுருக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கம்ப்யூட்டரும் இந்தத் தப்பைச் செய்கிறது, அதனால் கருவிகளை நம்பி விட்டுவிட வேண்டாம் என்று சொல்வேன். பைதான் நிரல்மொழியில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக்க டைட்டில் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது எழுத்துகளின் தொடர்ச்சி எங்கே அறுந்தாலும் அடுத்தது புதுச் சொல் என்று எடுத்துக்கொள்ளும். அப்பாஸ்ட்ரஃபி எழுத்தில்லை என்பதால் தேர்’ர் என்ற சுருக்கத்தைக் கொடுத்தால் முன்னால் இருக்கும் டி-யோடு அப்பாஸ்ட்ரஃபிக்குப் பின்னால் இருக்கும் ஆர்-ஐயும் பெரிதாக்கித் திருப்பித் தரும். பைதானின் அதிகாரபூர்வ விளக்கக் குறிப்பே இந்த விளைவை உதாரணத்தோடு காட்டி, வேறு வழியையும் சொல்கிறது. கேப்பிட்டலைஸ் என்ற இன்னொரு கட்டளை இதற்கு நேர் எதிராக நடக்கும். கொடுத்த எழுத்துத் தொடரின் முதல் குறியைப் பெரிதாக்கி மற்ற எல்லாவற்றையும் சின்னதாக்குவது அதன் வேலை. ’டிஸ் என்று கொடுத்தால் முதல் குறி அப்பாஸ்ட்ரஃபி, அதைப் பெரிதாக்க ஒன்றும் இல்லை, மீதி எல்லாம் சின்னதாகிவிடும். நீங்கள் சரியாகப் போட்டு வைத்திருந்த பெரிய டி-யையும் அது கீழே இறக்கிவிடும். அதாவது நண்பர் சொன்ன வடிவத்தையே கொடுக்கும்! பல ஆசிரியர்களின் கோப்புகளில் தலைப்புகள் இப்படி ஏதோ ஒரு நிரலுக்குள் போய் வந்து உருக்குலைந்திருப்பதைப் பார்க்கிறேன். வலைத்தளத்தில் கதையை ஏற்றப் போகிறீர்கள் என்றால் தலைப்பைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது சொல்லப்போவது நீங்கள் கேட்காதது. ஆனால் இந்த விஷயத்தில் அச்சில் நான் பார்க்கும் தப்புகளில் மிக அதிகம் இதுதான், கேப்பிட்டல் தப்பைவிடவும் அதிகம். அப்பாஸ்ட்ரஃபியின் வடிவம் 9 என்ற எண்ணைப் போல வளைந்திருக்கும். தொடக்க ஒற்றை மேற்கோள் குறி 6 போல வளைந்திருக்கும். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் முதலாவதின் குறியீட்டு எண் 2019, இரண்டாவதின் எண் 2018. அப்பாஸ்ட்ரஃபிக்கு 2019-ஐத்தான் பயன்படுத்த வேண்டும் என்று யூனிகோடே பரிந்துரைக்கிறது. ஆனால் வேர்டு போன்ற மென்பொருள்கள் நீங்கள் இடம் விட்டு உடனே ஒற்றைக் குறி தட்டினால் ஏதோ மேற்கோள் ஆரம்பிக்கிறது என்று நினைத்து 6 வடிவத்தைப் போட்டுவிடும். டோன்ட் போன்றவற்றில் குறி எழுத்துக்குப் பின்னால் வருவதால் தானாகவே 9 வடிவம் வந்துவிடுகிறது, ’டிஸ் வகையில்தான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறோம். தப்பிக்க எளிய வழி, குறியை இரண்டு தடவை தட்டி முதலாவதை அழித்துவிடுவது. விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்பலகையில் 0146 தட்டலாம். மேக் கணினியில் ஆப்ஷன், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்தியபடி மூடும் சதுர அடைப்புக்குறியைத் தட்டினால் வந்துவிடும். நேர்க்கோட்டுக் குறியே போதும், வளைவு வேண்டாம் என்று முடிவு செய்தாலும் தப்பில்லை, ஆனால் பிரதி முழுவதும் அதுவாகவே இருக்க வேண்டும். சில பேர் இந்தத் தொல்லைக்குப் பயந்து குறியையே விட்டுவிட்டு வெறுமனே டிஸ் என்று எழுதுகிறார்கள். அச்சுப் பிரதியில் அதை நான் ஏற்கமாட்டேன். எழுத்து ஒன்று விடுபட்டிருக்கிறது என்று சொல்லத்தான் ஆங்கிலத்தில் அந்தக் குறியே வந்தது. தமிழில் வந்து, இருக்கிறான் இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறான் ஆகும்போது உகரம் போன இடத்தில் நாம் எதுவும் போடுவதில்லை, படிப்பவரும் தேடுவதில்லை. ஆங்கில வாசகர் அந்த இடத்தில் குறியைத் தேடுவார்.

உங்கள் பெரியவர் பேசுகிறார் என்பதால் இன்னொரு சிக்கலும் வரும். உரையாடல் மேற்கோள் குறிக்குள் இருக்கும், மேற்கோள் குறிக்கு அடுத்தபடியே அப்பாஸ்ட்ரஃபி வரும். அமெரிக்கப் பாணியில் பேச்சுக்கு இரட்டைக் குறி என்பதால் இரட்டைக் குறி, அதையொட்டி 9 வடிவ அப்பாஸ்ட்ரஃபி, பெரிய டி என்று வரும், பார்ப்பவருக்குக் குழப்பமில்லை. பிரிட்டிஷ் பாணியில் பல பதிப்பகங்கள் பேச்சுக்கு ஒற்றைக் குறி போடுகின்றன. அப்போது 6 வடிவ ஒற்றைக் குறி ஒன்று, அதை ஒட்டி 9 வடிவ அப்பாஸ்ட்ரஃபி ஒன்று, பிறகு பெரிய டி. இரண்டில் ஒன்று உபரி என்று நினைத்து யாராவது அழித்துவிடுவார்கள், அல்லது இரண்டும் சேர்ந்து ஓர் இரட்டைக் குறி போலத் தெரியும். இரண்டும் வேண்டும், ஒன்று பேச்சைத் திறக்கிறது, மற்றது எழுத்து விடுபட்டதைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் மிக மெல்லிய இடைவெளி விடச் சொல்லி வடிவமைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானவை. இனி ஆளுக்கு ஆள் மாறுபவை. வாக்கியம் ’90கள் என்று எண்ணோடு தொடங்கினால் பெரிதாக்க எழுத்தே இல்லை. ஏபி செய்தி நிறுவனத்தின் நடை விதி ஆண்டைக் குறிக்கும் எண்ணோடு வாக்கியம் தொடங்குவதை அனுமதிக்கிறது. நூல் பதிப்புலகில் பலர் எண்ணைச் சொல்லால் எழுதச் சொல்வார்கள், இல்லாவிட்டால் வாக்கியத்தைத் திருப்பிப் போடச் சொல்வார்கள். நான் இரண்டாவது கட்சி, கதையில் அது இன்னும் நன்றாகவே ஒலிக்கும். ராக் அன் ரோல் என்பதில் நடுவில் இரண்டு பக்கமும் அப்பாஸ்ட்ரஃபியோடு நிற்கும் என் என்ற ஆங்கில எழுத்து தலைப்புகளில் சின்னதாக இருப்பதையே நான் விரும்புகிறேன், ஆண்ட் என்ற இணைப்புச் சொல்லைத் தலைப்பில் சின்னதாக எழுதுவதால் அதன் சுருக்கமும் அப்படியே. ஆனால் பெரிதாகப் போட்டு அச்சான பெயர்களும் ஏராளம், அது ஒரு நிறுவனத்தின் அல்லது இசைக்குழுவின் பெயர் என்றால் அவர்கள் எழுதுகிறபடியே விட்டுவிட வேண்டும். ஓ’கிளாக் தலைப்பில் வரும்போது சி பெரிதா சின்னதா என்பதிலும் இரண்டையும் பார்க்கலாம். ஒரு புத்தகத்துக்குள் ஒன்றையே கடைப்பிடித்தால் எந்த வாசகரும் குறை சொல்லப் போவதில்லை. இந்த மாதிரி இடங்களில் எது சரி என்று சண்டை போடுவதைவிட, எடுத்த முடிவை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்வது பலன் தரும்.

அப்புறம், சுருக்கத்தோடு வாக்கியத்தைத் தொடங்கலாமா என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. தாராளமாகத் தொடங்கலாம். தொடங்கக் கூடாது என்று ஆங்கில இலக்கணத்தில் எந்த விதியும் இல்லை. பள்ளியில் அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தால், அது கட்டுரையில் சுருக்கங்களே வேண்டாம் என்ற பொதுவான நடை அறிவுரையின் ஒரு துண்டாக இருக்கும். சட்ட ஆவணம், ஆய்வுக் கட்டுரை, ஒப்பந்தம் போன்றவற்றில் சுருக்கத்தைத் தவிர்ப்பது நல்லது, ஆனால் அங்கே தொடக்கத்தில் மட்டுமில்லை, நடுவிலும்தான் தவிர்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் எழுத்தாளர்களுக்கான நடைக் கையேட்டில் சுருக்கங்களைப் பயன்படுத்தவே சொல்கிறது, எழுத்து ஒரு மனிதர் பேசுவது போல இருக்கட்டும் என்பதற்காக. பிரிட்டிஷ் அரசின் இணையதள நடை விதி இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது: யூ வில் சுருங்கிய யூல் போன்றவை இருக்கட்டும், ஆனால் கான்ட், டோன்ட் போன்ற எதிர்மறைச் சுருக்கங்கள் வேண்டாம், ஏனென்றால் பலர் அவற்றைப் படிக்கச் சிரமப்படுகிறார்கள், எதிர்ப்பொருளாகவும் எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த அறிவுரை. மருந்துக் குறிப்பு, விண்ணப்பப் படிவம், பாதுகாப்பு அறிவிப்பு எழுதுபவர்கள் டோன்ட் என்று ஆரம்பிப்பதற்குப் பதில் டூ நாட் என்று முழுதாக எழுதினால் யாரோ ஒருவர் தப்பாகப் படிப்பது குறையும்.

கதைக்கு நிலைமை வேறு. சில இடங்களில் சுருக்கத்தைப் பிரித்தால் ஆங்கிலமே விறைத்துப்போகும். டோன்ட் யூ நோ என்று தொடங்கும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பிரித்தால் சொற்களின் வரிசையே மாறி டூ யூ நாட் நோ ஆகிறது, பாத்திரம் திடீரென்று நீதிமன்றத்தில் நிற்பது போல ஒலிக்கும். ஆரன்ட் ஐ என்று தொடங்கும் கேள்விக்கு முழு வடிவம் ஆம் ஐ நாட், அதை இயல்பான பேச்சில் கேட்பது அரிது. லெட்ஸ் கோ என்றால் வா போகலாம். லெட் அஸ் கோ என்று பிரித்தால் எங்களை விடுங்கள் என்றும் பொருள்படும், பணயக்கைதி பேசுகிற வாக்கியம் ஆகிவிடலாம். தேர்ஸ் என்று தொடங்கும்போது மட்டும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பன்மை வந்தாலும் பேச்சில் எல்லோரும் தேர்ஸ் என்றே சொல்கிறார்கள், உரையாடலில் அது பொருத்தம்தான், கதைசொல்லியின் குரலில் வந்தால் தேர் ஆர் என்று மாற்றிவிடுவேன். இட்ஸ் என்று தொடங்கும் வாக்கியத்தில் அப்பாஸ்ட்ரஃபி வேண்டுமா வேண்டாமா என்ற சந்தேகம் வந்தால் இட் இஸ் அல்லது இட் ஹேஸ் என்று விரித்துப் படியுங்கள், பொருள் வந்தால் குறி வேண்டும், வராவிட்டால் அது உடைமையைக் காட்டும் சொல், குறி கூடாது.

கடைசியாக உங்கள் பெரியவரைப் பற்றி, இது திருத்துபவனின் அபிப்பிராயம்தான். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ’டிஸ் என்பது சாதாரணமான, எல்லோரும் எழுதிய வடிவம். பதினெட்டாம் நூற்றாண்டில் இட்ஸ் மெல்ல அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு ’டிஸ் கவிதையிலும் சில வட்டாரப் பேச்சுகளிலும், குறிப்பாக அயர்லாந்து ஆங்கிலத்தில், தங்கிவிட்டது. எனவே உங்கள் கதை நடக்கும் காலமும் அவர் பிறந்த இடமும் அதற்கு இடம் கொடுக்கின்றனவா என்று பாருங்கள். கொடுக்கின்றன என்றால் எல்லா வாக்கியத்திலும் வேண்டாம், அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் போதும், வாசகர் மற்றதைத் தானே கேட்டுக்கொள்வார். அப்படி வருகிற இடங்களில் வாக்கியத்தின் முதலில் என்றால் பெரிய டி, நடுவில் என்றால் சிறிய டி, இரண்டிலும் 9 வடிவக் குறி. நண்பர் திரும்பவும் மறுத்தால், டச்சுக்காரர்கள்கூட அடுத்த சொல்லையாவது பெரிதாக்குகிறார்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள். அவர் வாதத்துக்கு அதுதான் நேரான பதில்.